பக்கம் கூகுளில் தட்டுப்படவில்லை: கருவாட்டுக் கடை முதல் ஹோம்ஸ்டே வரை, கோளாறு வாரியாக

மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மொத்தம் 61 நாள். விசைப்படகுகள் கரையில் நிற்கும் அந்த நாட்களில்தான் பாம்பன், மண்டபம் பக்கத்து வியாபாரிகளுக்குத் தங்கள் வெப்சைட் ஞாபகம் வரும். "தம்பி, போன வருஷம் பண்ணுனது கூகுள்ல வரவே மாட்டேங்குது, என்னன்னு பாருப்பா" என்று போன் வரும். ராமநாதபுரத்தில் டி.டி.பி. கடையில் கல்யாணப் பத்திரிகை அடித்துக்கொண்டிருந்து, அப்புறம் வெப்சைட் வேலைக்கு வந்தவன் நான். இந்த ஒரே வாக்கியத்தைத்தான் வருடா வருடம் கேட்கிறேன்.

"வரவே மாட்டேங்குது" என்பதற்குள் ஐந்தாறு வெவ்வேறு கோளாறுகள் ஒளிந்திருக்கின்றன. பக்கம் கூகுளிடம் போய்ச் சேராமலே இருக்கலாம். சேர்ந்தும், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அதற்குப் பிடிபடாமல் இருக்கலாம். பிடிபட்டும், அதைவிட நல்ல பக்கம் நாலு இருக்கலாம். காட்டியும் யாரும் தொடாமல் போகலாம். ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. கூகுளிடம் சேராத பக்கத்துக்குத் தலைப்பை மாற்றி மாற்றி எழுதுவது, டீசல் இல்லாத படகுக்குப் பெயின்ட் அடிக்கிற வேலை. ஆனால் நான் பார்த்த வரை பாதிப் பேர் அதைத்தான் செய்கிறார்கள்.

கீழே உள்ள தலைப்புகள் என்னிடம் வருகிறவர்கள் சொல்லும் வார்த்தைகளிலேயே இருக்கின்றன. உங்கள் வாயில் வருவது எதுவோ அங்கே நேராகப் போய்விடலாம். ஒரு சாமான் மட்டும் கட்டாயம் வேண்டும்: கூகுள் சர்ச் கன்சோல். இலவசம்தான். தளம் உங்களுடையது என்று ஒரு தடவை நிரூபித்துவிட்டால், எந்த வார்த்தைக்கு எந்தப் பக்கம் எத்தனை முறை காட்டப்பட்டது, எத்தனை பேர் உள்ளே வந்தார்கள் என்பதை 16 மாதம் வரை பின்னால் போய்ப் பார்க்கலாம். தளத்தைச் செய்து கொடுத்தவரின் மெயிலில் மட்டும் அது இருந்தால், மற்ற எதையும் தொடும் முன் உங்கள் மெயிலையும் உரிமையாளராகச் சேர்க்கச் சொல்லுங்கள். அவர் போனை எடுக்காத நாள் ஒன்று கட்டாயம் வரும்.

"எனக்கு முதல் இடத்துலதான் வருது, புக்கிங்தான் இல்ல"

தங்கச்சிமடத்தில் ஹோம்ஸ்டே நடத்தும் அக்கா ஒருவர் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். ராமேஸ்வரம் ஹோம்ஸ்டே என்று தேடியிருந்தார். அவர் வீடுதான் முதலில். உண்மைதான். ஆனால் அந்தப் போன் தங்கச்சிமடத்தில் இருக்கிறது. கூகுள் தேடுகிற ஆள் எங்கே நிற்கிறார் என்று பார்த்துப் பக்கத்தில் இருப்பதை முதலில் காட்டும். கோயம்புத்தூரிலோ சேலத்திலோ உட்கார்ந்து டிக்கெட் போடுகிற குடும்பத்துக்கு அந்த வரிசை அப்படியே வராது. தவிர, அக்கா காட்டியது அவர் வெப்சைட் பக்கத்தையே அல்ல. மேப்போடு வருகிற பிசினஸ் ப்ரொஃபைல் பெட்டியை. அது தனிக் கணக்கு, அதற்கான வேலையும் தனி.

உங்கள் போனில் தேடிப் பார்த்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். சர்ச் கன்சோலில் பெர்ஃபாமன்ஸ் பகுதியைத் திறந்து, சிக்கலான அந்த ஒரு பக்கத்தை மட்டும் பில்டர் செய்து, மூன்று மாதக் கணக்கைப் பாருங்கள். இம்ப்ரெஷன் (தேடலில் காட்டப்பட்ட எண்ணிக்கை) பூஜ்யம் என்றால் அடுத்த பகுதி. இம்ப்ரெஷன் இருந்தும் க்ளிக் இல்லை என்றால் கொஞ்சம் தள்ளி, "காட்டுதாம், யாரும் தொடலையாம்" பகுதிக்குப் போங்கள்.

"பேரு போட்டுத் தேடினாலும் வரல"

சர்ச் கன்சோலின் மேலே யூஆர்எல் இன்ஸ்பெக்ஷன் பெட்டி இருக்கும். பக்கத்தின் முழு முகவரியையும் அதில் ஒட்டுங்கள். கூகுளில் இருக்கிறது என்று பச்சையில் வந்தால் இந்தப் பகுதியைத் தாண்டிவிடலாம். இல்லை என்று வந்தால் ஏன் இல்லை என்பதும் அங்கேயே எழுதியிருக்கும். மருத்துவர் சீட்டைப் போல, படிக்காமல் மடித்து வைத்துவிடுகிறோம்.

அதிகம் நடப்பது, தளத்தைக் கட்டும்போது போட்ட பூட்டைத் திறக்க மறந்துவிடுவது. வேர்டுபிரஸில் (தளம் கட்டும் மென்பொருள்) செட்டிங்ஸ், அதில் ரீடிங் என்று போனால், தேடுபொறிகள் இந்தத் தளத்தைப் பட்டியலில் சேர்க்க வேண்டாம் என்று ஒரு டிக் பெட்டி இருக்கும். வேலை முடியாத தளம் வெளியே தெரியக் கூடாது என்று அதை டிக் செய்வார்கள். திறப்பு விழா முடிந்தும் டிக் அப்படியே இருக்கும். கீழக்கரையில் ஒரு துணிக்கடைத் தளம் எட்டு மாதம் இப்படியே கிடந்தது. கடைக்காரர் அந்த எட்டு மாதமும் யாருக்கோ மாதச் சந்தா கட்டிக்கொண்டிருந்தார் என்பது தனிக் கதை. இந்தப் பூட்டுக்குப் பெயர் நோஇண்டெக்ஸ். ஒற்றைப் பக்கத்துக்கும் இது இருக்கலாம், எஸ்.இ.ஓ. ப்ளக்இன் (தேடலுக்கான செட்டிங்ஸைச் சேர்க்கும் துணை நிரல்) வைத்திருந்தால் அந்தப் பக்கத்தின் அடியில் பாருங்கள்.

நோஇண்டெக்ஸையும் ரோபாட்ஸ் கோப்பையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறைய. ரோபாட்ஸ் கோப்பு, உள்ளே வந்து படிக்காதே என்று சொல்வது. நோஇண்டெக்ஸ், படித்துக்கொள் ஆனால் பட்டியலில் போடாதே என்று சொல்வது. இரண்டையும் ஒரே பக்கத்துக்குப் போட்டால் கூகுள் உள்ளே வரவே முடியாது, ஆகவே நோஇண்டெக்ஸ் என்று எழுதியிருப்பதையும் பார்க்காது. வெளியே யாராவது லிங்க் கொடுத்திருந்தால் விளக்க வரி எதுவும் இல்லாமல் வெறும் முகவரி மட்டும் தேடலில் தொங்கும். மறைக்க நினைத்த பக்கம் இப்படி அரைகுறையாக வெளியே தெரிகிறது என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

அடுத்தது கேனானிக்கல். ஒரே சரக்கு இரண்டு முகவரியில் இருந்தால், இதுதான் மூலம் என்று காட்டுகிற குறி அது. ஒரு பக்கத்தை நகல் எடுத்து எல்லாப் பக்கத்தையும் செய்தவர்கள், அந்தக் குறியையும் சேர்த்து நகல் எடுத்துவிடுவார்கள். அப்புறம் நெத்திலிப் பக்கம், திருக்கைப் பக்கம், இறால் பக்கம் எல்லாமே "நான் முகப்புப் பக்கத்தின் நகல்" என்று கூகுளிடம் ஒப்புக்கொண்டு நிற்கும். இன்ஸ்பெக்ஷனில் நாம் சொன்ன கேனானிக்கல், கூகுள் தேர்ந்தெடுத்த கேனானிக்கல் என்று இரண்டு வரி இருக்கும். இரண்டிலும் அந்தப் பக்கத்தின் சொந்த முகவரியே வர வேண்டும்.

இவை எதுவும் இல்லை, ஆனால் படித்தோம், இப்போதைக்குச் சேர்க்கவில்லை என்கிற அர்த்தத்தில் "க்ரால்டு, கரன்ட்லி நாட் இண்டெக்ஸ்டு" என்று வருகிறதா? அது பூட்டு அல்ல, தீர்ப்பு. பக்கத்தில் சேர்த்துக்கொள்ளும் அளவுக்கு ஒன்றும் இல்லை என்று அர்த்தம். மதுரையில் கருவாடு, திருச்சியில் கருவாடு, தஞ்சாவூரில் கருவாடு என்று ஊர்ப் பெயரை மட்டும் மாற்றிப் பன்னிரண்டு பக்கம் போட்டிருந்த ஒரு தளத்தில் பதினொன்றுக்கு இதே பதில் வந்திருந்தது. இது ஒரு காலத்தில் செல்லுபடியான தந்திரம். இன்று அதை வாசல் பக்கம் என்று சொல்லி ஸ்பாம் கணக்கில் வைத்திருக்கிறார்கள். பன்னிரண்டையும் எடுத்துவிட்டு, எந்த ஊருக்கு எத்தனை நாளில் பார்சல் போகும், என்ன செலவு, மழைக்காலத்தில் எப்படிக் கட்டுவோம் என்று ஒரே ஒரு பக்கம் எழுதினோம். அது சேர்ந்தது.

புதுப் பக்கம் தளத்துக்குள்ளேயே அனாதையாக இருக்கிறதா என்பதையும் பாருங்கள். மெனுவிலும் இல்லை, வேறு எந்தப் பக்கத்திலிருந்தும் லிங்க் இல்லை என்றால், சைட்மேப்பில் (தளத்தின் எல்லா முகவரியையும் கூகுளுக்குத் தரும் பட்டியல்) பெயர் இருந்தாலும் கூகுளுக்கு அதன் மேல் அக்கறை வருவது கடினம்.

சரிசெய்த பிறகு, பட்டியலில் சேர்க்கச் சொல்லும் ரிக்வெஸ்ட் இண்டெக்ஸிங் பொத்தானை ஒரு தடவை அமுக்குங்கள். பத்துத் தடவை அமுக்குவதால் வரிசை முன்னால் நகராது.

"கடை பேருக்கு வருது, சரக்கு பேருக்கு வரல"

நம் பக்கத்துத் தளங்களில் நான் அதிகமாகப் பார்ப்பது இந்தக் கோளாறுதான். ஆங்கிலத் தளம் வைத்திருக்கிறவர்களுக்கான வழிகாட்டிகளில் இது இருக்காது. அதனால் கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

முதல் சோதனை. உங்கள் பக்கத்தில் உள்ள தமிழ் வரி ஒன்றைத் தேர்ந்தெடுத்து, காப்பி செய்து, வாட்ஸ்அப்பில் ஒட்டுங்கள். மூன்றில் ஒன்று நடக்கும்.

வரியைத் தேர்ந்தெடுக்கவே முடியவில்லை என்றால் அது எழுத்தே அல்ல, படம். டி.டி.பி. கடையில் அடித்த நோட்டீஸை அப்படியே ஜேபெக் ஆக்கிப் பக்கத்தில் போட்டிருப்பார்கள். பார்க்க அழகாக இருக்கும். படத்துக்குள் இருப்பதைப் பக்கத்தின் எழுத்தாக நம்பி இருக்கக் கூடாது. படம் இருக்கட்டும், அதில் உள்ள விஷயம் கீழே எழுத்தாகவும் வரட்டும்.

ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டுகிறது என்றால் அது பாமினி மாதிரியான பழைய எழுத்துரு. இந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு. பாமினியில் நாம் தட்டுவது உண்மையில் ஆங்கில எழுத்துதான். எழுத்துரு அதன் மேல் தமிழ் வேஷம் போட்டுக் காட்டுகிறது. கண்ணுக்குத் தமிழ், கூகுளுக்குக் குப்பை. பக்கம் என்ன மொழி என்பதையே கூகுள் கண்ணில் படும் எழுத்தை வைத்துத்தான் தீர்மானிக்கும். அங்கே தமிழே இல்லை என்றால் தமிழில் தேடுகிறவருக்கு அது எப்படிக் காட்டும்? எல்லாக் கருவியும் தமிழாகவே படிக்கிற யூனிகோடுக்கு மாற்றித்தான் ஆக வேண்டும். மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே இருக்கின்றன.

மாற்றிய பிறகு ஒரு முறை வாய்விட்டுப் படியுங்கள். பழைய நோட்டீஸை ஸ்கேன் செய்து எழுத்தாக்கினால் துணைக்கால் 'ர' ஆகிவிடும். கருவாடு "கருவரடு" ஆகும். ஔகாரத்தில் இன்னொரு பொறி. பௌர்ணமி, பெளர்ணமி இரண்டையும் பாருங்கள். முதலாவது சரி. இரண்டாவதில் 'பெ' போட்டு, பக்கத்தில் 'ள' என்ற முழு எழுத்தைத் தட்டியிருக்கிறேன். பல எழுத்துருக்களில் வித்தியாசமே தெரியாது. பௌர்ணமி, அமாவாசைக்கு அறை தேடுகிறவர்களை நம்பியிருக்கும் ஊரில் அந்தத் தப்பைத் தலைப்பில் வைத்திருந்த தளத்தை நான் பார்த்திருக்கிறேன். நான் செய்த தளம்தான்.

மூன்றாவது, வரி ஒழுங்காகவே ஒட்டுகிறது. அப்படியென்றால் எழுத்தில் சிக்கல் இல்லை, சொல்லில் இருக்கிறது. நாம் சொல்லும் பெயரும் வாங்குகிறவர் தேடும் பெயரும் வேறு. பாம்பன் அண்ணன் ஒருவரின் பக்கத்தில் "சீலா கருவாடு" என்று மட்டும் இருந்தது. நமக்கு சீலா என்றால் எதுவென்று சொல்ல வேண்டியதில்லை. சென்னையில் அதே மீனை வஞ்சிரம் என்றுதான் தேடுவார்கள். அதைவிட மோசம், அங்கே போய் ஷீலா என்று கேட்டால் வேறு மீனை எடுத்துக் காட்டுவார்கள். எனவே அண்ணன் பக்கத்துக்கு வந்த கொஞ்ச நஞ்சம் பேரும் வேறு மீனைத் தேடி வந்தவர்கள். தலைப்பை "வஞ்சிரம் கருவாடு" என்று வைத்து, முதல் பத்தியில் "எங்கள் பாம்பன் பக்கம் இதைச் சீலா, நெய்மீன் என்போம்" என்று ஒரு வரி எழுதினோம். வாங்குகிறவருக்கும் சந்தேகம் தீர்ந்தது, கூகுளுக்கும் இரண்டு பெயரும் கிடைத்தது. அண்ணனுக்குத்தான் கடைசி வரை மனசு ஆறவில்லை. "நம்ம மீனுக்கு மெட்ராஸ் பேரா?"

மிளகாயிலும் இதே கதை. ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்குப் பிறகு பெயர் சொல்லித் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். வியாபாரி ஒருவரின் பக்கத்திலோ "எங்களிடம் தரமான மிளகாய் வத்தல் கிடைக்கும்" என்று மட்டும் இருக்கிறது. முண்டு என்ற சொல்லே பக்கத்தில் இல்லை. குண்டு மிளகாய் என்றும் தேடுவார்கள், அதுவும் இல்லை. எந்தச் சொல் என்று தெரியவில்லையா? வாட்ஸ்அப்பில் வாடிக்கையாளர் உங்களுக்கு முதல் செய்தியில் என்ன எழுதிக் கேட்கிறார் என்று மேலே தள்ளிப் பாருங்கள். காசு கொடுத்து வாங்கும் கீவேர்டு கருவிகளைவிட நம் அளவுக்கு அது உபயோகம்.

எழுத்து வேறுபாட்டைப் பற்றி ரொம்பக் கவலை வேண்டாம். ராமேஸ்வரம், இராமேஸ்வரம், இராமேசுவரம் எல்லாம் ஒரே ஊர் என்று கூகுளுக்குப் பெரும்பாலும் தெரியும். அதிகம் பேர் எழுதுவது எதுவோ அதைத் தலைப்பில் வைத்து, மற்றதை இயல்பாக வருகிற இடத்தில் ஒரு தடவை விட்டால் போதும். எல்லாவற்றையும் அடுக்கி வைத்தால் படிக்கிறவருக்குத் திக்குவது போல இருக்கும்.

நம் ஆட்கள் பாதிப் பேர் தமிழை ஆங்கில எழுத்தில்தான் தட்டுவார்கள். அதற்காகத் தமிழ்ப் பக்கம் முழுவதையும் அப்படி எழுதக் கூடாது. சரக்கின் பெயரை மட்டும் ஆங்கில எழுத்திலும் ஒரு தடவை போடுங்கள். வெளியூர், வெளிநாட்டு ஆட்களுக்குத் தனியாக ஓர் ஆங்கிலப் பக்கம் வைத்து இரண்டையும், ஒரே பக்கத்தின் வேறு மொழி வடிவம் இது என்று சொல்லும் ஹெச்ரெஃப்லாங் குறியால் இணையுங்கள். பாதி தமிழ், பாதி ஆங்கிலம் என்று கலந்த பக்கம் இரண்டு பேருக்கும் அரைகுறையாகத்தான் போய்ச் சேரும்.

படங்களுக்கான ஆல்ட் வரியில் (படத்தில் என்ன இருக்கிறது என்று எழுத்தில் சொல்லும் வரி) "படம் 1" என்று விடாமல் "தலை நீக்கிய நெத்திலி கருவாடு, பாயில் காய்கிறது" என்று உள்ளதை எழுதுங்கள். முகவரியைத் தமிழில் வைக்கலாமா என்று கேட்பார்கள். தரவரிசைக்குப் பாதகம் இல்லை. ஆனால் வாட்ஸ்அப்பில் ஒட்டும்போது ஒவ்வொரு தமிழ்க் குறியும் ஒன்பது எழுத்தாக விரிந்து வால் நீளமாகத் தொங்கும். நான் முகவரியை மட்டும் ஆங்கில எழுத்தில் சுருக்கமாக வைத்துவிடுவேன்.

"காட்டுதாம், யாரும் தொடலையாம்"

முதலில் சராசரி பொசிஷன் (தேடல் பட்டியலில் எத்தனையாவதாக வருகிறது என்ற கணக்கு) என்ன என்று பாருங்கள். முப்பது, நாற்பது என்றால் உங்கள் தலைப்பு யார் கண்ணிலும் படவே இல்லை. அதைக் குறை சொல்லிப் பயனில்லை. பத்துக்குள் இருந்தும் க்ளிக் இல்லை என்றால்தான் தலைப்பில் கை வைக்க வேண்டும்.

தமிழ் எழுத்து அகலமானது. தேடல் பட்டியலில் தலைப்புக்கான இடம் எழுத்து எண்ணிக்கையில் அல்ல, அகலத்தில்தான் அளக்கப்படும். ஆங்கிலத்தில் அறுபது எழுத்து என்று சொல்லிக் கொடுத்த கணக்கு நமக்கு ஆகாது. அதற்கு முன்பே வெட்டிவிடும். அதனால் சரக்கு முதலில், கடைப் பெயர் கடைசியில். "முகப்பு | இன்னார் டிரேடர்ஸ், தரமான கடல் பொருட்கள் விற்பனையாளர்" என்பதில் வெட்டுப்படாமல் நிற்கும் பகுதியில் ஒரு மீன் பெயர்கூட இல்லை. "நெத்திலி கருவாடு, தலை நீக்கியது, கால் கிலோ முதல் | பாம்பன்" என்று வைத்துப் பாருங்கள்.

நீங்கள் எழுதியது ஒன்று, கூகுளில் வருவது வேறா? 2021 ஆகஸ்டிலிருந்து கூகுள் சரியில்லை என்று நினைக்கும் தலைப்புகளைப் பக்கத்தின் பெரிய தலைப்பிலிருந்தோ மற்ற இடத்திலிருந்தோ எடுத்து மாற்றிப் போடுவது அதிகமாகிவிட்டது. எல்லாப் பக்கத்துக்கும் ஒரே டைட்டில் (தேடலில் காட்டுவதற்காக எழுதும் தலைப்பு) வைத்திருந்தால் இது அடிக்கடி நடக்கும். டைட்டிலும் பக்கத்துக்குள் இருக்கும் பெரிய தலைப்பும் ஒரே விஷயத்தைச் சொன்னால் பெரும்பாலும் விட்டுவிடும். தலைப்புக்குக் கீழே வரும் டிஸ்கிரிப்ஷன் வரி தரவரிசையைத் தூக்காது, ஆள் தொடுவதற்கு மட்டும் உதவும். விலை எதிலிருந்து ஆரம்பம், எத்தனை நாளில் வரும் என்று இரண்டு வரி போதும்.

இன்னொன்று, எந்தத் தேடலுக்குக் காட்டுகிறது என்று பாருங்கள். மிளகாய் வியாபாரியின் பக்கம் "இன்றைய மிளகாய் விலை" என்பதற்கு ஆயிரக்கணக்கில் காட்டப்பட்டிருந்தது, க்ளிக் கிடையாது. தேடுகிறவர் விவசாயி, அவருக்கு வேண்டியது சந்தை விலை. அவர் தொடாததில் உங்கள் குற்றம் எதுவும் இல்லை. தினமும் விலை போடும் பக்கம் ஒன்று நடத்தத் தயார் என்றால் நடத்துங்கள். இல்லையென்றால் அந்த வரியைக் கண்டுகொள்ளாமல் விடுங்கள்.

"ஒரு வாரம் இந்தப் பக்கம் வருது, ஒரு வாரம் அந்தப் பக்கம் வருது"

ஒரே விஷயத்துக்கு இரண்டு பக்கம் வைத்திருக்கிறீர்கள். நல்ல பக்கத்தில் இன்னொன்றின் சத்தைச் சேர்த்து, விட்ட பக்கத்தின் முகவரியை 301 (நிரந்தரமாக வேறு முகவரிக்குத் திருப்பும் குறி) மூலம் நல்ல பக்கத்துக்குத் திருப்பிவிடுங்கள். வேறு வைத்தியம் தேவையில்லை.

"ரெண்டாவது பக்கத்துலயே நிக்குது, மேல ஏற மாட்டேங்குது"

பொசிஷன் பதினொன்றிலிருந்து இருபதுக்குள். இங்கே தொழில்நுட்பக் கோளாறு தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். உங்களுக்கு மேலே இருக்கும் பக்கங்கள் ஏதோ ஒரு கேள்விக்குப் பதில் சொல்கின்றன, உங்கள் பக்கம் சொல்லவில்லை.

தங்கச்சிமடத்து அக்காவின் பக்கத்தில் இருந்தது இது: இயற்கை எழில், வீட்டுச் சூழல், அன்பான உபசரிப்பு. இதே மூன்று சொற்றொடர் கடற்கரை முழுக்க எல்லா விடுதிப் பக்கத்திலும் இருக்கிறது. போனில் கூப்பிடுகிறவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று அக்காவிடம் ஒரு வாரம் எழுதி வைக்கச் சொன்னேன். கோயிலுக்கு எவ்வளவு தூரம், விடிகாலையில் ஆட்டோ கிடைக்குமா. அக்னி தீர்த்தத்தில் குளித்து, 22 தீர்த்தமும் முடித்து ஈரத் துணியோடு வந்தால் உடனே குளிக்கத் தண்ணீர் இருக்குமா, துணி காய இடம் உண்டா. அப்பாவுக்கு முழங்கால் வலி, கீழ்த்தள அறை கிடைக்குமா. வேன் நிறுத்தலாமா. திதி கொடுக்க வந்திருக்கிறோம், வெங்காயம் பூண்டு இல்லாமல் சாப்பாடு செய்து தருவீர்களா. இந்தக் கேள்விகளையே துணைத் தலைப்பாக்கி, ஒவ்வொன்றுக்கும் அக்கா போனில் சொல்லும் பதிலையே எழுதினோம். இயற்கை எழிலை எடுத்துவிட்டோம். பக்கம் மெல்ல ஏறியது. அதைவிட முக்கியம், "ஈரத் துணி" கேள்விக்காகவே போன் வருவது குறைந்தது என்றார்.

அப்புறம் உள் லிங்க். தனுஷ்கோடி போவது பற்றி அக்காவின் தளத்தில் ஒரு பக்கம் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. அதிலிருந்து அறைப் பக்கத்துக்கு "இங்கே க்ளிக் செய்யவும்" என்று லிங்க். அதை "தங்கச்சிமடத்தில் குடும்பத்துக்கான அறைகள்" என்று மாற்றினோம். லிங்க் கொடுக்கும் சொல்லும் அந்தப் பக்கம் எதைப் பற்றியது என்று கூகுளுக்குச் சொல்லும். இங்கே என்பது எந்த ஊர் என்று அதற்குத் தெரியாது.

"போன்ல திறக்கறதுக்குள்ள விடிஞ்சிரும்"

கூகுளின் வேகச் சோதனைக் கருவியான பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸில் முகவரியைப் போட்டு மொபைல் கணக்கைப் பாருங்கள். மூன்று எண்கள்தான் முக்கியம். பெரிய படமோ எழுத்தோ திரையில் வர 2.5 விநாடிக்குள், தொட்டால் பதில் வர 200 மில்லி விநாடிக்குள், பக்கம் குதிக்கும் அளவு 0.1-க்குள். வருகிறவர்களில் நாலில் மூன்று பேருக்காவது இது கிடைக்க வேண்டும். 2024 மார்ச்சுக்கு முன் எழுதிய வழிகாட்டியில் இரண்டாவது எண்ணுக்குப் பதில் எஃப்.ஐ.டி. என்ற பழைய அளவு இருக்கும், அது போய்விட்டது. சின்னத் தளத்துக்கு வருகிறவர் எண்ணிக்கை போதாமல் உண்மைக் கணக்கு காலியாக இருக்கலாம், அப்போது கீழே உள்ள சோதனை ஓட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

குற்றவாளி பத்துக்கு எட்டு தடவை போட்டோதான். பாம்பன் பாலத்தைப் போனில் எடுத்த படத்தை அப்படியே ஏற்றியிருப்பார்கள். அகலத்தைக் குறைத்து, வெப்பி (WebP) என்ற எடை குறைந்த பட வடிவத்தில் ஏற்றுங்கள். ஐந்து படம் ஓடும் ஸ்லைடரை எடுத்துவிட்டு ஒன்றை மட்டும் வையுங்கள். எல்லாப் படத்துக்கும் லேசி லோடிங் (கீழே தள்ளிப் போகும்போதுதான் படத்தை ஏற்றுவது) போடும் ப்ளக்இன், மேலே முதலில் தெரியும் படத்துக்கும் போட்டுவிடும். அதற்கு மட்டும் நிறுத்த வேண்டும். படத்துக்கு அகலம், உயரம் எழுதாவிட்டால் "புக் செய்" பொத்தான் விரல் படும் நேரம் கீழே நழுவும். தமிழ் எழுத்துருவில் மெல்லியது, சாதா, தடித்தது என்று நாலு கனத்தை ஏற்றாமல் இரண்டோடு நிறுத்துங்கள்.

இதையெல்லாம் செய்தால் முதல் இடத்துக்கு வந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வேகம் தரவரிசையில் சின்னப் பங்குதான். ஆனால் தனுஷ்கோடிச் சாலையில் சிக்னல் ஒரு கோடு இருக்கும்போது அறை தேடுகிறவர் உங்களுக்காகக் காத்திருக்க மாட்டார். கம்ப்யூட்டரில் மட்டும் தெரிந்து போனில் மறைந்துபோகும் பகுதி ஏதாவது இருக்கிறதா என்றும் பாருங்கள். 2023-இல் மொபைல் வடிவத்தையே முதன்மையாகப் படிக்கும் மாற்றத்தை கூகுள் முடித்துவிட்டது. போனில் இல்லாதது கூகுளுக்கும் இல்லை.

"நல்லா வந்துட்டிருந்துச்சு, திடீர்னு படுத்துருச்சு"

கையை வைக்கும் முன் காலண்டரைப் பாருங்கள். ஆடி அமாவாசை 2024-இல் ஆகஸ்ட் 4, 2025-இல் ஜூலை 24. ஆகஸ்டை ஆகஸ்டோடு ஒப்பிட்டால் 2025-இல் பக்கம் செத்துவிட்டது போலத்தான் தெரியும். ராமேஸ்வரம் பக்கங்களை ஆங்கில மாதத்தோடு ஒப்பிடாதீர்கள், அமாவாசையிலிருந்து முன்னும் பின்னும் பத்து நாள் என்று எடுத்து ஒப்பிடுங்கள்.

காலண்டர் காரணம் இல்லை என்றால், இறங்கியது ஒரு பக்கமா மொத்தத் தளமா என்று பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் என்றால் அதில் உள்ள விஷயம் பழசாகியிருக்கலாம். "ராமேஸ்வரம் வருவது எப்படி" என்று எழுதி வைத்திருந்தவர்களுக்கு இது நன்றாகவே பட்டது. 1914-இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நின்றது. மண்டபத்தில் இறங்கி பஸ்ஸிலோ ஆட்டோவிலோ வாருங்கள் என்று எல்லோரும் மாற்றி எழுதினோம். 2025 ஏப்ரல் 6-இல் புதிய பாலம் திறந்து ரயில் மறுபடி ராமேஸ்வரத்துக்கே வந்தது. பக்கத்தை மாற்றாதவர்கள் இன்னும் ஆட்களை மண்டபத்தில் இறக்கிவிட்டுக்கொண்டிருக்கிறார்கள். விஷயத்தைத் திருத்துங்கள். உள்ளே ஒன்றும் மாற்றாமல் தேதியை மட்டும் புதுசாக்குவது வேலைக்கு ஆகாது.

மொத்தத் தளமும் என்றால், சமீபத்தில் டிசைன் மாற்றினீர்களா? புது ஆள் எல்லா முகவரியையும் மாற்றி, பழையதிலிருந்து புதியதற்கு 301 போடாமல் விட்டிருப்பார். பழைய முகவரிகளைச் சர்ச் கன்சோலில் இருந்து எடுத்து ஒவ்வொன்றாகத் திருப்ப வேண்டும், சோம்பல் பார்க்காமல். எதையும் மாற்றவில்லை என்றால் கூகுளின் சர்ச் ஸ்டேட்டஸ் டேஷ்போர்டில் அந்தத் தேதியில் கோர் அப்டேட் (தரவரிசைக் கணக்கையே கூகுள் மாற்றும் பெரிய மாற்றம்) ஏதும் ஓடியதா என்று பாருங்கள். ஓடியிருந்தால் அவசர வைத்தியம் கிடையாது. மேலே "ரெண்டாவது பக்கத்துலயே நிக்குது" பகுதியில் சொன்ன வேலைதான்.

கன்சோலில் மேனுவல் ஆக்‌ஷன், செக்யூரிட்டி இஷ்யூஸ் இரண்டையும் திறந்து பாருங்கள். முதலாவதில் கூகுள் ஆளே பார்த்துப் போட்ட தண்டனை இருக்கும், இரண்டாவதில் யாராவது உள்ளே புகுந்த எச்சரிக்கை இருக்கும். கருவாட்டுக் கடைத் தளத்தில் ஜப்பானிய எழுத்தில் நூற்றுக்கணக்கான பக்கங்கள் முளைத்திருந்தால் யாரோ உள்ளே புகுந்துவிட்டார்கள். முதலில் ஹோஸ்டிங்காரரைக் கூப்பிடுங்கள், தரவரிசையை அப்புறம் பார்க்கலாம்.

"இதையும் பண்ணனும்னு ஒருத்தர் சொன்னாரு"

மெட்டா கீவேர்டு பெட்டியில் (பக்கத்துக்கான தேடல் சொற்களை எழுதும் பழைய இடம்) அறுபது சொல் நிரப்புவது: கூகுள் அதைத் தரவரிசைக்குப் பார்ப்பதில்லை என்று 2009-இலேயே சொல்லிவிட்டது. கேள்வி பதில் ஸ்கீமா (இது கேள்வி, இது பதில் என்று கூகுளுக்குச் சொல்லும் மறைவான குறி) போட்டுத் தேடலில் விரிந்து தெரிய வைப்பது: 2023 ஆகஸ்டிலேயே அதைப் பெயர்பெற்ற அரசு, மருத்துவத் தளங்களுக்கு மட்டும் என்று சுருக்கிவிட்டார்கள். கேள்வி பதிலைப் பக்கத்தில் வையுங்கள், ஸ்கீமாவுக்குத் தனிக் காசு கொடுக்காதீர்கள். பக்கத்துக்கு இத்தனை சொல் இருக்க வேண்டும் என்ற கணக்கும் கிடையாது. ஐந்நூறு டைரக்டரியில் பெயர் சேர்த்துத் தருகிறேன் என்று வந்த ஒருவரிடம் பாம்பன் அண்ணன் பணம் கொடுத்துவிட்டுத்தான் என்னிடம் வந்தார். அந்த ஐந்நூறில் ஒன்றுகூட மீன் வாங்குகிறவர் போகும் இடமாக இல்லை.

எதை மாற்றினாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மாற்றி, தேதியோடு ஒரு நோட்டில் எழுதுங்கள். நாலு வாரம் கழித்துத்தான் கன்சோலைத் திறந்து ஒப்பிட வேண்டும். அண்ணன் நோட்டில் இப்போது முதல் பக்கம் படகு டீசல் கணக்கு, பின்னாலிருந்து திருப்பினால் தலைப்பு மாற்றிய கணக்கு. "வஞ்சிரம்" என்று மாற்றிய தேதிக்குப் பக்கத்தில் பேனாவால் அழுத்தி, அடைப்புக்குள் "சீலாதான்" என்று எழுதி வைத்திருக்கிறார்.